தற்குறி என்று கமென்ட் வந்தால் எந்தக் குரலில் படிப்பது?

பட்டுப்புடவைக் கடையின் லைவில் கமென்ட் படிக்கிற வேலை என்றால், ஊர் உலகத்தில் இருக்கிற அத்தனை வாயும் நம் வாய் வழியாகத்தான் திறக்கும். கொப்பளித்துத் துப்புவது மட்டும் நம் சொந்தப் பொறுப்பு.

கவுன்டருக்கு உள்பக்கம் நின்று சிரித்துக்கொண்டே பல்லைக் கடிக்கிறவர்களே, மருந்துக்கடைக்காரர்களே, ரீசார்ஜ் கடைக்காரர்களே, கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிறவர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் விளக்கப் போகிறேன். எனக்கு இன்னும் கோபம் தணியவில்லை.

வேலை இதுதான்

ஆரணியில் எங்கள் கடை. தினமும் காலையில் ஒரு லைவ், சாயங்காலம் ஒரு லைவ். ஸ்டாண்டில் போன், அதைச் சுற்றி வட்ட விளக்கு. விளக்குக்கு எதிரே நாற்காலியில் பச்சையம்மா அக்கா. தெள்ளார் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவாசியில் பஸ் மாறி வருகிறவர். அவருடைய அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அக்காவும் நட்டிருக்கிறார். கடைக்குப் புடவை மடிக்க வந்தவர், ஒருநாள் லைவுக்கு ஆள் வராததால் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றைக்கு விற்ற வேகத்தைப் பார்த்து அவரை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை.

நான் போனுக்குப் பக்கத்தில் ஸ்டூலில். ப்ளஸ் டூவில் ஃபிசிக்ஸ் போச்சு. மற்றதெல்லாம் பாஸ். பள்ளிக்கூடத்து மைக்கில் தலைமையாசிரியை குரலில் ‘இன்று மதியம் விடுமுறை’ என்று அறிவித்து, பாதிப் பள்ளியை கேட்டுக்கு வெளியே அனுப்பியதிலிருந்து என் பெயர் மைக்கு. சொந்தப் பெயரை எங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டார்கள்.

அக்காவுக்கு எழுத்து தெரியாது. கமென்ட்டை நான் படிக்க, அக்கா பதில் சொல்ல வேண்டும். முதல் நாள் செய்தி வாசிப்பது போல் படித்தேன்; அக்கா சுவரைப் பார்ப்பது போல் பார்த்தார். அடுத்த நாள் குரல் போட்டுப் படித்தேன். குழந்தை படம் வைத்திருந்தால் தூக்கமில்லாத இளம் அம்மா குரல். சூரிய அஸ்தமனப் படம் என்றால் ரிட்டயர்டு சார். ரோஜாப்பூ என்றால் கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற அத்தை. அக்கா நிமிர்ந்தார். “யத்தே, பொண்ணு செவப்பா, மாநெறமா? மாநெறம்னா இந்த மயில் கழுத்து கலர எடு. மாப்ள வூட்டுக்காரன் வாயத் தொறக்க மாட்டான்!” ஜனம் அதற்காகவே உட்கார்ந்து பார்த்தது. அன்று லைவ் முடிந்ததும் அக்கா என்னிடம் சொன்னார்:

“ஆளு யாருன்னு தெரிஞ்சா பதில் தானா வரும் மைக்கு. நீ ஆள மட்டும் கொண்டா.”

மெஷினில் போட்ட மேடம்

விலையை அக்கா வாயால் சொல்வார். நான் ஒருமுறை கத்துவேன். திரையில் எழுத்தாகவும் ஒட்டி வைத்திருப்போம். அதற்கு அடியிலேயே ஒருவர் ‘விலை என்ன’ என்று கேட்பார். அவருக்கு அடியில் இன்னொருவர். லைவ் முடிந்து விளக்கை அணைத்த பிறகு போனில் கூப்பிட்டு ஒருவர்.

அவர்களையாவது மன்னித்துவிடலாம். ஒரு மேடம், காலேஜில் பாடம் நடத்துகிறவர், வாடாமல்லிக் கலரில் கட்டம் போட்ட புடவை வாங்கினார். ஆரணிப் பட்டு உடம்பு மேலே இருப்பதே தெரியாத மாதிரி லேசாக இருக்கும். அதனாலேயே அக்கா ஒவ்வொரு லைவிலும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்வார்: “வாஷிங் மெஷின்ல மட்டும் போட்டுடாதீங்கோ, உங்களுக்குப் புண்ணியமா போவும்.” மேடம் போட்டார். புடவை அவித்த கீரை மாதிரி ஆயிற்று. வீடியோ காலில் வந்து அதைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். நாங்கள் சொன்னோமே மேடம் என்றேன், தேன் தடவிய குரலில். மேடம் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை.

“நீங்க தமிழ்லதானே சொன்னீங்க? இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா நான் சீரியஸா எடுத்திருப்பேன்.”

தலைகீழ்

ஒவ்வொரு புடவைக்கும் ஒரு எண் உண்டு. அட்டையில் எழுதிப் புடவை மேல் வைத்து கேமராவுக்குக் காட்ட வேண்டும். எழுத்துப் பக்கம் பார்க்கிறவர்களுக்கு, வெற்றுப் பக்கம் பிடித்திருக்கிறவருக்கு. அட்டை தலைகீழாக இருந்தாலும் பிடித்திருக்கிறவருக்குத் தெரியாது. யார் பிடித்தாலும் தெரியாது. நான் போனில் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் அப்போது ஒரு தாத்தா குரலுக்காக இருமிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் ஒன்பது ஆறாகிவிட்டது. பச்சைப் புடவை கேட்டவருக்கு அரக்குப் புடவை பதிவாகிவிட்டது. பெரிய கலவரம் ஒன்றும் இல்லை, மாற்றிக் கொடுத்தோம். ஆனால் அன்றைக்குத்தான் அது வந்தது. படம் இல்லாத ஒரு ஐடி. சாம்பல் கலர் தலை மட்டும். ‘அட்டைய நேரா புடிக்கத் தெரியாத தற்குறிய உக்கார வெச்சா இப்டித்தான் யா.’ குரல் போட வாயைத் திறந்தேன். எந்தக் குரலும் வரவில்லை. அக்கா, “யாரு? இன்னா கேக்கறாங்கோ?” என்றார். ஹார்ட் போட்டிருக்காங்கக்கா என்றேன். அக்கா காற்றுக்கு ஒரு முத்தம் கொடுத்தார்.

லைவ் முடிந்து ஹரீஷ் சாரிடம் போனேன். பெரிய முதலாளியின் தம்பி மகன். வெளியூரில் எம்.பி.ஏ. முடித்தவர். லைவ், பெட்டி, பிராண்டு எல்லாம் அவர் பொறுப்பு. அந்தத் திட்டு போட்ட ஐடியை ப்ளாக் செய்யட்டுமா என்று கேட்டேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“அது திட்டு இல்ல யா. ஃபீட்பேக்.”

கண்ணாடிக்குள் போன கடை

அதற்கடுத்த வாரமே புது போன் வந்தது. ஹரீஷ் சாரே ஸ்டாண்டில் மாட்டினார். யாரும் அதைத் தொடக்கூடாது என்றார். அவர் மாட்டிய விதத்தில், நாங்கள் லைவில் காட்டிய எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறிப் போயிற்று. கடைப் பெயர் திரும்பி நின்றது. விலை திரும்பி நின்றது. போன் நம்பர் திரும்பி நின்றது. ஒரு வாரம் முழுக்க ஒரு ஆர்டரும் இல்லை. பார்க்கிற ஜனம் ‘இது எந்த பாஷை’ என்று கேட்டது. நான் அதை அரபி உச்சரிப்பில் படித்தேன்.

சாம்பல் தலை ஐடி அந்த வாரம் ஒரு வார்த்தை போடவில்லை. அதைப் பாருங்கள். அட்டையை ஒருமுறை தலைகீழாகப் பிடித்ததற்கு ஒரு சொல் ரெடியாக இருந்தது. கடையையே திருப்பி மாட்டியதற்கு எந்தச் சொல்லும் இல்லை. பெரிய முதலாளி கேட்டபோது மட்டும் ஹரீஷ் சார் ஒரு சொல்லைக் கண்டுபிடித்தார்:

“டெக்னிக்கல் இஷ்யூ பெரியப்பா. லைட்டு செட் ஆகல.”

அகராதியும் அரக்குப் புடவையும்

அந்தச் சொல் என்னை விடவில்லை. அதன் அர்த்தம் என்னவென்று போனில் அகராதியைத் திறந்து பார்த்தேன். எழுத்து அறியாதவர் என்று போட்டிருந்தது. எழுத்து அறியாதவர் கையெழுத்துக்குப் பதிலாகப் போடுகிற குறி என்றும் போட்டிருந்தது. அவ்வளவுதான். அதில் எச்சில் இல்லை, இளக்காரம் இல்லை. அகராதியில் பக்கத்துச் சொற்களோடு சண்டையில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. தெருவுக்கு வந்தால்தான் அதற்குப் பல் முளைக்கிறது. எழுதத் தெரியாதவர் என்ற அர்த்தம் போய், நீ இந்த இடத்தில் உட்காரத் தகுதியில்லாதவள் என்று ஆகிவிடுகிறது. இப்போது செல்போனில் சண்டை போடுகிற எவனும், பதில் தெரியாமல் முழித்தால் எதிராளியைச் சொல்கிற முதல் சொல் அதுதான். அவனுக்கும் எழுதத் தெரியும். எதிராளிக்கும் எழுதத் தெரியும். எழுதித்தான் திட்டிக்கொள்கிறார்கள்!

அன்று மதியம் கடைக்குள் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அந்த அம்மா அரக்கில் ஒன்று எடுத்து, பார்டர் கொஞ்சம் கம்மியா காட்டுங்க என்றார். “தற்குறி மாதிரி பேசாத. பட்டுன்னா பார்டர்தான்டி” என்றார் அந்த ஆள், எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. நாங்களும் சேர்ந்து சிரிப்போம் என்று எதிர்பார்த்தார். அந்த அம்மா புடவையை மடித்து மேஜையில் வைத்தார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

“நான் எம்.எஸ்சி. மேத்ஸ்மா. இவரு கூட வெளிய வந்தா மட்டும் தற்குறி.”

வட்டமும் கோடும்

பெரிய முதலாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வாசலோரம் சேரில் உட்கார்ந்து, வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தே என்ன விலைக்கு வாங்குவார்கள் என்று கணக்குப் போடுகிற மனிதர். பெரும்பாலும் தப்பாகத்தான் போடுவார். ஆனாலும் யாரும் எதிர்த்துச் சொல்வதில்லை. அவர் பள்ளிக்கூடப் பக்கம் போனதே இல்லை. தறியில் உட்கார்ந்த காலத்திலிருந்து கையெழுத்துக்கு ஒரு வட்டம் போட்டு நடுவில் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். கடை வளர்ந்ததும் ஹரீஷ் சார் அதையே ஒரு டிசைனரிடம் கொடுத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். இப்போது புடவைப் பெட்டி மேல் தங்கக் கலரில் அதுதான். பையில் அதுதான். லைவில் அக்காவுக்குப் பின்னால் சுவரிலும் அதுதான்.

கூட்டங்களில் அவருக்குச் சால்வை போடுவார்கள். அனுபவஸ்தர் என்பார்கள். உழைப்பால் உயர்ந்தவர் என்பார்கள். நான் ஃபிசிக்ஸில் போனதற்கு ‘விளையாட்டுப் புள்ள’ என்பார்கள். படிக்காததற்கு எங்கள் ஊரில் எத்தனை நல்ல பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அத்தனையும் தீர்ந்த பிறகு மிச்சமிருப்பதைத்தான் நாற்று நட்ட வீட்டிலிருந்து வந்தவருக்குக் கொடுக்கிறார்கள். ஒருமுறை சால்வையோடு கடைக்குத் திரும்பி வந்தவர், நெஞ்சைத் தட்டிச் சொன்னார்:

“வட்டமும் கோடும் போட்டே கட போட்டவன்மா நானு!”

அக்கா படித்த முதல் சொல்

சாம்பல் தலை தினமும் வர ஆரம்பித்தது. ‘இந்தத் தற்குறிய மாத்துங்க.’ ‘தற்குறி வாயால புடவை பேரக் கேட்டாலே வாங்கப் புடிக்கல.’ நான் ஒவ்வொருமுறையும் விழுங்கிவிட்டு அடுத்த கமென்ட்டுக்குத் தாவினேன். அழிக்கவும் முடியாது, அழிக்கிற அதிகாரம் ஹரீஷ் சார் போனில்.

ஒருநாள் லைவ் முடிந்ததும் அக்கா எழுந்து வந்து என் போனை வாங்கினார். பழைய லைவைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒரு இடத்தில் விரலை வைத்தார். சரியாக அந்தச் சொல்லின் மேல். இன்னும் தள்ளினார். மறுபடி விரல். அதே சொல். “இதான? கடைசியில சுழிச்சுகினு நிக்குதே, இதான?” என்றார். “பத்தாவது படிக்கறா இல்ல எம்பொண்ணு, கூட படிக்கற பசங்களோட சேர்ந்து லைவ் பார்ப்பா. இப்ப பாக்கறது இல்ல. ஏன்டின்னு கேட்டா அழுவறா. நான் இன்னும் அவகிட்ட அர்த்தம் கேக்கல. நீயும் சொல்லாத, எனக்கே தெரியும். ஊர்ல கேக்காத வார்த்தையா? எழுத்துல எப்டி இருக்கும்னுதான் தெரியாம இருந்துச்சு” என்றார்.

நாற்பது வயசுக்குப் பக்கத்தில் ஒரு மனுஷி தானாக அடையாளம் கண்டுகொண்ட முதல் சொல். தன் பெயர் இல்லை. மகள் பெயர் இல்லை. ஊருக்குப் போகிற பஸ்ஸின் பெயர்ப்பலகை கூட இல்லை. நான் ஒன்றுமே படித்துக் காட்டவில்லையே, எப்படிக்கா கண்டுபிடிச்சே என்றேன். அக்கா சொன்னார்:

“அது வந்தா உன் வாய் மூடிக்கும் மைக்கு. அப்போ போன்ல கடைசியா வந்து நிக்கற எழுத்து இன்னான்னு பாத்துகினே வந்தேன்.”

ஜனம் கேட்கிறது

புதன்கிழமை ஹரீஷ் சார் பெரிய முதலாளி முன்னால் போனை நீட்டிக்கொண்டு நின்றார். “அடுத்த வாரத்துலேர்ந்து வேலூர்ல ஒரு பொண்ணு வருது பெரியப்பா. டிகிரி. ஆங்கரிங் கோர்ஸ் பண்ணியிருக்கு. பச்சையம்மா பழையபடி மடிக்கப் போகட்டும். நான் சொல்லல, பாருங்க, கமென்ட்ல ஜனங்களே கேக்கறாங்க.” பெரிய முதலாளிக்கு அந்தத் திரையில் தெரிவது வெளிச்சம் மட்டும்தான். “இன்னான்னு எழுதிக்கினு கீறாங்கோ?” என்றார். ஹரீஷ் சார் போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “அது... பேச்சு சரியில்ல, வேற ஆள் வைங்கன்னு.”

நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல்லை அவர் படிக்கவில்லை. அத்தனை கமென்ட்டிலும் இருந்த ஒரே சொல்லை, பெரியப்பா காதுக்கு முன்னால் அவரும் என்னை மாதிரியே விழுங்கினார். புடவை மடிக்கிற இடம் கடைக்குப் பின்னால் இருக்கிற குடோன். மின்விசிறி கிடையாது. நின்றபடி மடிக்க வேண்டும். அதுகூட அக்காவுக்குப் பழக்கம்தான். ஆனால் ‘தற்குறி’ என்று ஊரே எழுதியதால் அம்மாவை எழுப்பிவிட்டார்கள் என்று அந்தப் பத்தாவது படிக்கிற பெண்ணுக்குத் தெரிந்தால், அவள் தலை நிமிர்ந்து பள்ளிக்கூடம் போவாளா? வெள்ளிக்கிழமை வரைக்கும் அக்காவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பெரிய முதலாளி ஒரு தீர்ப்பும் சொன்னார்:

“பச்சம்மா நல்லா விக்குது. இன்னா பண்றது, ஜனம் கேட்டா மாத்தித்தான் ஆவணும்.”

குரல் கிடைத்தது

அன்றைக்கு எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், குடோனுக்குள் நுழைந்து அந்தக் கமென்ட்டுகளை ஒவ்வொன்றாகக் குரல் போட்டுப் பார்த்தேன். ரிட்டயர்டு சார் குரலில் போட்டேன், பொருந்தவில்லை. கோயம்புத்தூர் அம்மா குரலில், துபாய் அண்ணன் குரலில், பக்கத்துக் கடைப் பொறாமைக் குரலில். சட்டை தைக்கிறவர் அளவு பார்க்கிற மாதிரி தோள் இடித்தது, கை நீண்டது. ‘இந்தத் தற்குறி நம்ம பிராண்டுக்கு செட் ஆகல யா.’ எந்த வாடிக்கையாளர் ‘நம்ம பிராண்டு’ என்பார்? புடவை வாங்குகிறவர் ‘உங்க கடை’ என்பார். திட்டினாலும் ‘உங்க கடை’ என்றுதான் திட்டுவார்.

ஹரீஷ் சார் குரலை எடுத்துப் போட்டேன். பட்டன் வரைக்கும் கச்சிதமாகப் பொருந்தியது.

எனக்கு வந்த கோபத்தில் மடித்து வைத்த புடவை அடுக்கையே தள்ளிவிடலாம் போலிருந்தது. பெரியப்பா ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் ஜனம் கேட்கிறது என்று ஜனத்தையே தயார் செய்திருக்கிறார்! அக்காவிடம் ஓடிப்போய், அதே குரலில் ஒருமுறை பேசிக் காட்டினேன். அக்கா சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார். திகைப்பெல்லாம் இல்லை. டிபன் பாக்ஸை மூடினார்.

“வெள்ளிக்கிழம வரட்டும். நான் சொல்லும்போது படி.”

வெள்ளிக்கிழமை லைவ்

சாயங்கால லைவ். பெரிய முதலாளி வாசலோரம் தன் சேரில். ஹரீஷ் சார் பேக்கிங் மேஜைக்குப் பின்னால், கையில் போன். அக்கா மாம்பழ மஞ்சளில் ஒன்றை விரித்துக்கொண்டிருந்தார். சாம்பல் தலை எழுந்தது. என் வாய் மூடிக்கொண்டது.

அக்கா புடவையை மடியில் போட்டார். “வந்துடுச்சா?”

“ம்.”

“படி.”

“வேணாங்கா.”

“எல்லாரையும் படிக்கறல்ல? அவங்கள மட்டும் ஏன் உட்ற? ஆளோட படி.”

படித்தேன். ஹரீஷ் சார் குரலில். அந்த மூக்கடைப்பு, அந்த அவசரம், கடைசியில் அந்த ‘யா’, ஒன்றையும் விடாமல்: “இந்தத் தற்குறிக்கு இன்னைக்குதான் கடைசியாமே, சூப்பர் யா! இனிமேதான் நம்ம பிராண்டு செட் ஆகும்!” அக்காவுக்கு இன்றோடு கடைசி என்று நாங்கள் எந்த வாடிக்கையாளருக்கும் சொல்லியிருக்கவில்லை.

வாசலில் சேர் கிறீச்சிட்டது. “டேய் ஹரீசு! கட நடுவுல இன்னா பேச்சுடா பேசற?”

“நான் பேசல பெரியப்பா! மைக்குதான், கமென்ட்ட படிச்சா!”

“உங்கொரலு எனக்குத் தெரியாது?”

அக்கா கேமராவை நேராகப் பார்த்தார். என்னிடம் பேசுகிற அதே குரல். “போட்டவங்க யாரோ, இன்னொருவாட்டி போடுங்க. பதில் சொல்றேன். நான் எங்கயும் போவல, இங்கதான் உக்காந்துகினு கீறேன்.” திரையில் ‘விலை என்ன’ என்று இரண்டு பேர் கேட்டார்கள். சாம்பல் தலை அசையவில்லை. பேக்கிங் மேஜையில் ஹரீஷ் சார் போனைக் கவிழ்த்து வைத்தார். அந்தச் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பெரிய முதலாளி வேட்டியைச் சுருட்டிக்கொண்டு எழுந்து வந்தார். அந்தச் சொல்லை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார் என்றில்லை. இளவயதில் எந்த ஆபீஸ் வாசலில் எவன் சொன்னானோ, முகம் அப்படிக் கறுத்திருந்தது. மேஜை மேல் அனுப்பத் தயாராக இருந்த புடவைப் பெட்டியை எடுத்து, தங்கக் கலர் வட்டமும் கோடும் தெரிகிற மாதிரி ஹரீஷ் சார் முகத்துக்கு நேராகப் பிடித்தார். லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

“தற்குறியா? அப்ப இந்தப் பொட்டி மேல தங்கத்துல போட்டு வெச்சிருக்கியே, இது இன்னாடா?”

நாற்காலி

வேலூர்ப் பெண் வரவில்லை. அக்கா நாற்காலியில்தான் இருக்கிறார். நியாயம் ஜெயித்தது என்று நினைத்துக் கைதட்ட வேண்டாம், எனக்கு இன்னும் எரிகிறது. பெரிய முதலாளி அன்று அக்கா பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஜல்தி, லைவ்வ நடத்துங்க” என்றார், போய் உட்கார்ந்துகொண்டார். ஹரீஷ் சார் அந்தச் சொல் தானாகவே மறைந்துபோகிற மாதிரி போனில் ஏதோ செட்டிங் மாற்றினார். அதையும் ஒரு முன்னேற்றம் போலச் சொல்லிக் காட்டினார். அந்தச் சொல் அக்கா மேல் தினமும் கல்லாக விழுந்தபோது சத்தமே கேட்காதவர்களுக்கு, ஒரே ஒருநாள் முதலாளி காலோரம் உரசியதும் கேட்டுவிட்டது. மன்னிப்பு என்ற சொல் அகராதியில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று எங்கள் கடையில் எவரும் தேடவில்லை, படித்தவரும் சரி, படிக்காதவரும் சரி.

உன் பொண்ணு லைவ் பார்த்தாளாக்கா என்று கேட்டேன். “பாத்தாளே. நீ பேசனத மறுபடி மறுபடி போட்டுச் சிரிச்சுகினே கீறா” என்றார். கையில் இருந்த அட்டையைத் திருப்பி, எண் நேராக இருக்கிறதா என்று என் முகத்தைப் பார்த்தார். நேராகத்தான் இருக்கு என்று தலையாட்டினேன். அக்கா விளக்கைப் போடச் சொன்னார். போடுவதற்கு முன்னால், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“அவருக்கு வலிச்சுது, எனக்கு நாற்காலி கெடச்சுது. எனக்கு வலிச்சப்ப இன்னா கெடச்சுது மைக்கு?”

இப்போதெல்லாம் எங்கள் லைவில் அந்தச் சொல் வருவதே இல்லை. அதைச் சொல்கிறவர்கள் மட்டும் தினமும் தவறாமல் வந்து, திரையில் எழுதியிருக்கிற விலைக்கு நேர் கீழேயே விலை என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.